ஸ்நேக்மேக்கா, நெக்ஸ்ட்ஃப்ளோவா?
ரெண்டுமே ஜீனோம் டேட்டா ஆளுங்க கையில வளந்த பல ஸ்டெப் இருக்குற டேட்டா வேலைய வரிசையா ஓட்டிக் குடுக்குற ஓப்பன் சோர்ஸ் டூல்தான், ஆனா வேலை பாக்குற விதம் வேற. 2012-ல வந்த ஸ்நேக்மேக் பைத்தான் கோடு மாதிரியே இருக்கும், கடைசியா எந்த ஃபைல் வேணும்னு சொன்னா போதும், அதுக்கு எந்தெந்த ரூல், அதாவது ஸ்டெப், ஓடணும்னு பின்னாடியிருந்து அதுவே கணக்கு போட்டுக்கும், டிரை ரன் குடுத்தா எதையும் ஓட்டாமலே மொத்த லிஸ்ட்டையும் காட்டிடும், இது ஒண்ணுக்காகவே எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பார்சிலோனால 2013-ல கெளம்பின நெக்ஸ்ட்ஃப்ளோ அப்படியே தலைகீழ், ஒரு ஸ்டெப்லேர்ந்து அடுத்ததுக்கு டேட்டா போற பாதையான சேனல்ல டேட்டா வர வர அடுத்த வேலை தானா ஓடும். அது எழுதுற க்ரூவிங்கற ப்ரோகிராமிங் லாங்குவேஜோட சின்டாக்ஸ் மொதல்ல கொஞ்சம் படுத்தும். ஆனா ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி ஃபோல்டர், எது ஃபெயில் ஆச்சோ அதத் திறந்தா ஓடின கமாண்டு, லாக் எல்லாம் அங்கேயே கெடக்கும். அந்த ஃபோல்டருங்கதான் டிஸ்க்கையும் ரொப்பிடும், அப்பப்ப க்ளீன் பண்ணிடுங்க.