மே மாதமே பணம் கட்டலாமா, ஜூலை கவுன்சிலிங் வரை காத்திருக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருவில் பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றேதான். தனியார் நிகர்நிலைப் பல்கலையில் (டீம்டு யுனிவர்சிட்டி) இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது, பணம் கட்டிவிடவா, இல்லை அரசு நடத்தும் அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் வரை பொறுக்கவா? (2019 முதல் அதை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், ஆனால் ஊர் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.)

குழப்பத்துக்குக் காரணம் தேதிகள். விஐடி, எஸ்ஆர்எம் மாதிரியான இடங்களில் ஏப்ரல் வாக்கிலேயே நுழைவுத் தேர்வு முடிந்து, மே மாதத்தில் பணம் கட்டக் கெடு வைத்துவிடுகிறார்கள். கவுன்சிலிங் ஜூலையில்தான் சூடு பிடிக்கும். இடையில் இருக்கும் அந்த இரண்டு மாதப் பயத்தில்தான் வீட்டு நகை அடகுக்குப் போகிறது.

போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணன் மகளுக்கு அப்படித்தான் ஆனது. மே மாதமே ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டினார். கவுன்சிலிங்கில் பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தது. பணத்தைத் திரும்பக் கேட்டால் 'அடுத்த வாரம் வாங்க' என்றே அலைய விட்டார்கள், கடைசியில் புகார் எழுதிக் கொடுத்த பிறகு மார்கழியில்தான் கைக்கு வந்தது. அதுவரை வட்டி கட்டியது அவர்தான்.

பணத்தைப் பொறுத்தவரை ஒப்பிடவே வேண்டாம். கவுன்சிலிங் சீட்டுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தனிக் குழு இருக்கிறது, 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிற பிள்ளைக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-இலிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேறு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் நிகர்நிலையில் இது எதுவும் கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளையை அவசரப்பட்டு அங்கே சேர்த்துவிட்டு, அப்புறம் இதைக் கேள்விப்பட்டுக் கலங்கி நிற்கிறவர்களைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, நிகர்நிலை யாருக்குச் சரிப்படும்? பொதுத் தேர்வில் கணக்கில் சறுக்கி, நுழைவுத் தேர்வில் நன்றாக எழுதிய பிள்ளைக்கு. கவுன்சிலிங்கில் நுழைவுத் தேர்வே இல்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை மொத்தம் 200-க்கு மாற்றுவதுதான் கட் ஆஃப், ஒரு நாள் சறுக்கல் அப்படியே ரேங்கில் இறங்கிவிடும். விஐடியில் நுழைவுத் தேர்வு ரேங்க் மேலே இருந்தால் கட்டணமும் குறையும். அந்தக் குறைந்த கட்டணப் பிரிவில் விரும்பிய பாடமே கிடைத்து, கடன் இல்லாமல் கட்ட முடிகிறது என்றால் நானே 'கட்டுங்க' என்பேன். கட்டணம் மிக அதிகமான பிரிவில் வந்த சீட்டுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

தனியார் கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட் மூன்றாவது வழி. கவுன்சிலிங்கில் வரக்கூடிய கல்லூரிக்கே பேரம் பேசிக் கூடுதலாகக் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

காத்திருப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு, மறைக்க விரும்பவில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று ஆன்லைனில் வரிசையாகக் கொடுக்கும் விருப்பப் பட்டியலைச் சரியாகப் போடாவிட்டால் நல்ல ரேங்க்கும் வீணாகும். போன முறை ஒரு பையன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு கல்லூரிகளில் தப்பானதை மேலே போட்டுவிட்டான். பட்டியலை இறுதி செய்து பூட்டுவதற்கு முன் நோட்டில் எழுதி வைத்த எண்ணோடு ஒத்துப் பார்த்ததால் தப்பினான். அதனால் பெயரை நம்பாதீர்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணை எழுதுங்கள்: கிண்டி பொறியியல் கல்லூரி என்றால் 1, பிஎஸ்ஜி டெக் என்றால் 2006. முந்தைய வருடத்தோடு ஒப்பிடும்போது கட் ஆஃபை விட ரேங்க்கைப் பாருங்கள், ஏனென்றால் கணக்கில் சென்டம் (நூற்றுக்கு நூறு) வாங்கியவர்கள் கூடிய வருடம் அதே கட் ஆஃப் பல ஆயிரம் இடம் கீழே போய்விடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும், மறந்தால் சீட் போச்சு.

மே மாதமே கட்டிவிட்டவர்களும் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்துவிடுங்கள், 500 ரூபாய்தான், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 250. விலகினால் பணம் எந்தத் தேதிவரை திரும்ப வரும் என்பதை மட்டும் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி, யாராவது கேட்டால் ஜெராக்ஸை நீட்டுங்கள்.