எடை குறைப்பு அறுவை: மே விடுமுறையிலா, நவம்பர் இடைவெளியிலா?

எனக்கு ஸ்லீவ் அறுவை (இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது) நடந்தது நவம்பர் 25 அன்று, மூன்றாம் செமஸ்டர் தேர்வு முடிந்த நான்காம் நாள். மன்னார்குடியில் இருக்கும் என் அத்தை மகள் அதற்கு ஆறு மாதம் முன்பு, மே முதல் வாரத்தில் செய்துகொண்டாள். யாரைக் கேட்டாலும் மே மாதம்தான் சரி என்பார்கள். நான் நவம்பர் என்றுதான் சொல்வேன்.

மே மாதத்துக்காகப் பேச அதிகம் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். பெரிய விடுமுறை ஆறு வாரமாவது வரும். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் குழைவானது. ஜூன் நடுவில் கல்லூரி திறக்கும்போது இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடும் நிலைக்கு வந்துவிடலாம். கனம் தூக்கக் கூடாத நாலு முதல் ஆறு வாரமும் வீட்டிலேயே கழிந்துவிடும். வருகைப் பதிவில் ஒரு நாள்கூடக் குறையாது. காகிதத்தில் இதை அடிக்க வேறொன்று இல்லை. ஆனால் காகிதத்துக்கு வேர்ப்பதில்லை.

விஷயம் தண்ணீர்தான். ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். முதல் வாரங்களில் அதன் உட்புறம் வீங்கியிருக்கும். ஒரே மடக்கில் அரை டம்ளர் குடித்தால் நெஞ்சுக்குழியில் கல் வைத்த மாதிரி அடைக்கும், இல்லாவிட்டால் திரும்பி வரும். எனக்குச் சொல்லப்பட்டது ஒரு தடவைக்கு 30 மில்லி. அம்மாச்சி எங்கிருந்தோ நான் குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தார். "இதுல குடி கண்ணு, அளவு தப்பாது." வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மருந்து மூடியைவிட அதுதான் வசதியாக இருந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். 30 மில்லி வீதம் 50 தடவை. கால் மணிக்கு ஒரு தடவை என்றால் பன்னிரண்டரை மணி நேரம், அதாவது விழித்திருக்கும் நேரம் முழுக்க. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால் விட்டதைச் சாயங்காலம் பிடிக்க முடியாது. முன்பெல்லாம் தாகம் எடுத்தால் ஒரு சொம்பு மோரை அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். அந்த வழி இனி அடைபட்டுவிட்டது. இந்த அறுவை முடிந்தவர்கள் மறுபடி மருத்துவமனைக்குப் போகும் முக்கியமான காரணங்களில் ஒன்று நீர் வற்றுவது.

இதை மே மாத டெல்டாவில் வைத்துப் பாருங்கள். அக்கினி நட்சத்திரம், ஆற்றில் மணல், மேட்டூர் திறக்க ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும். மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகு நனையும். வரவு 30 மில்லி, செலவுக்கு அளவே இல்லை. அத்தை மகள் சோம்பேறி அல்ல, அலைபேசியில் மணி வைத்துக் குடித்தாள். அப்படியும் பத்தாம் நாள் காலை எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்திருக்கிறது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல, வெளியே மழை பெய்துகொண்டிருந்தது என்பதால். மழைநாளில் வேறொரு பொறி உண்டு: தாகமே எடுக்காது. அதனால் கடிகாரத்தை நம்பித்தான் குடிக்க வேண்டும்.

நவம்பருக்கு விலை கொடுக்க வேண்டியது வருகைப் பதிவில். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் என்றால் 68 நாள் போக வேண்டும், மீதி 22. எங்களுக்கு டிசம்பர் 5 அன்று திறந்தார்கள், நான் 16 அன்றுதான் போனேன். ஒன்பது நாள் போயிற்று. அதன் பிறகு ஒரு மாத, மூன்று மாதப் பரிசோதனைகளுக்கு ஒவ்வொரு நாள். மொத்தம் பதினொன்று, பாதிதான். தேர்வுக்கு முன்பே துறைத் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "தேதி போட்டு எழுதிக் குடும்மா, வகுப்பில் தண்ணீர் குடிக்கவும் சேர்த்து எழுது" என்றார். அந்த இரண்டாவது வரி எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது நிமிட வகுப்பில் மூன்று தடவை பாட்டிலைத் திறக்கும் பெண்ணை எல்லா ஆசிரியரும் விட்டுவிட மாட்டார்கள்.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு. கல்லீரல் சுருங்குவதற்காக அறுவைக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு. அது அப்படியே தேர்வு நாட்களின் மேல் விழுந்தது. புரதப் பவுடரைக் கரைத்துக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் புள்ளியியல் எழுதியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் போனதும் தலைவலி, பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றை அப்படியே விட்டேன். மே மாதமாக இருந்தால் தேர்வை முடித்துவிட்டு நிதானமாக ஆரம்பித்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அத்தை மகள் கட்சிதான் ஜெயம்.

மழையையும் சொல்ல வேண்டும். காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி என்று ஏதாவது வந்தால் தையலில் கசிவு இருக்கலாம், உடனே போயாக வேண்டும். பாபநாசத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதால் முதல் பத்து நாள் தஞ்சாவூரில் சித்தப்பா வீட்டிலேயே இருந்துவிட்டேன். வேதாரண்யம் பக்கம் வீடு என்றால் என்னைப் பார்த்து நவம்பரில் தேதி வாங்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து போன பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கே வெயிலோடு மல்லுக்கட்டுவதே மேல்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒரு லாபம்: மார்கழியில் கல்யாணம் கிடையாது. வைகாசியில் அத்தை மகளுக்கு வாரம் ஒரு பந்தி, "என்னடி இலையில ஒண்ணுமே வைக்கல" என்று ஆளுக்கொரு விசாரணை. எனக்கு முதல் விசாரணை பொங்கலன்றுதான் வந்தது. இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு, அரை மணியில் வேர்த்து, நெஞ்சு அடித்துப் படுத்ததில் கேட்டவர்களே அடங்கிவிட்டார்கள்.

மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டும் என்றார்கள். எனக்கு மார்ச்சில் கொட்டியது, அவளுக்கு ஆகஸ்டில். இதில் வித்தியாசம் இல்லை. ஒரு செமஸ்டரையே விட்டுவிடுவது என்ற மூன்றாவது வழி, தேறிவரும் உடம்புக்கு அவசியமில்லாத செலவு. காப்பீட்டை நம்புகிறவர்கள் மட்டும் தேதிக்கு முன்பே பாலிசியைப் பாருங்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான நோயோடு 35 கேட்பார்கள்.

நான் வீட்டிலிருந்து பேருந்தில் போய் வந்தவள். விடுதி வாழ்க்கை எனக்கு அனுபவமில்லை. நாள் முழுக்க நின்று செய்யும் ஆய்வக வகுப்புகளும் எனக்குக் கிடையாது. விடுதியில் இருப்பவர்கள் எந்த மாதத்தைத் தேர்ந்தாலும், அறையில் ஒரு சின்ன மிக்ஸி வைத்துக்கொள்ள விடுவார்களா என்று முதலில் வார்டனிடம் கேட்டுவிடுங்கள்.