ஃப்ரீ டிஷ்ல ரேடியோவுக்குன்னு தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க

மக்களே, வீட்ல வயசானவங்க இருந்து அவங்க ரேடியோ கேக்குறவங்களா இருந்தா இத கொஞ்சம் முழுசா படிங்க. டிடி ஃப்ரீ டிஷ் மாட்டித்தரேன்னு வந்து "ரேடியோ பேக்"னு ஒன்ன தனியா விக்கிறாங்க. அப்படி ஒரு பேக்கே கிடையாது. எங்க பெரியப்பாகிட்ட அத சொல்லி காசு வாங்கிட்டு போயிருக்காங்க.

பெரியப்பா வால்பாறைல எஸ்டேட்ல வேலை பாத்து ரிடையர் ஆனவரு, இப்ப டவுன்ல சின்ன வீட்ல பெரியம்மாவோட இருக்காரு. சர்க்கரையில ரெண்டு கண்ணும் போயிடுச்சு, அதனால அவருக்கு எல்லாமே ரேடியோதான். ஒரு காலத்துல சிலோன் ரேடியோ, மீடியம் வேவ் 999ல கோவை ஸ்டேஷன்னு கேட்டு வளந்தவரு. இப்ப கோவை எஃப்எம் எதுவும் அவரு வீட்டுப்பக்கம் ஒழுங்கா எடுக்கறதில்ல, மலை மறைக்குது, செட்ட ஜன்னல்ல வச்சா ஒரு ஸ்டேஷன், கட்டில் பக்கம் வச்சா வெறும் இரைச்சல்.

இத தெரிஞ்சுக்கிட்டே ஒரு கடைக்காரர் வந்திருக்காரு. "டிஷ் மாட்டிட்டா டிவிலயே எல்லா எஃப்எம்மும் வரும், சூரியன், மிர்ச்சி, ஹலோ எல்லாம் வரும், சிடி போட்ட மாதிரி சவுண்டு இருக்கும்"னு சொல்லி டிஷ்ஷும் பாக்ஸும் 2,600, ரேடியோ பேக் வருஷத்துக்கு 800, டிஜிட்டல் ரேடியோவுக்குன்னே வர்ற ஸ்பீக்கர்னு ஒண்ணு 1,500, மொத்தம் 4,900 வாங்கிட்டாரு. பில்லு கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுல தொகை மட்டும் எழுதியிருக்கு. கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட!

இப்ப உண்மை என்னன்னு சொல்றேன். ஃப்ரீ டிஷ் தூர்தர்ஷன், ஆகாசவாணி ரெண்டையும் நடத்துற அரசு அமைப்பான பிரசார் பாரதி நடத்துறது, 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சது, இப்ப ஜிசாட்-15 சாட்டிலைட்ல இருந்து வருது. பாக்ஸும் டிஷ்ஷும் ஒரு தடவ வாங்குற செலவுதான், மாசக் கட்டணமே கிடையாது. அதுலயே நாப்பதுக்கு மேல ஆகாசவாணி ரேடியோ சேனலும் சேந்தே வருது, அதுக்கும் காசு கிடையாது, ஆக்டிவேஷனும் கிடையாது. ரிமோட்ல டிவி/ரேடியோன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினா ரேடியோ லிஸ்ட் வந்துடும், அவ்ளோதான். ஆனா வர்றது ஆகாசவாணி மட்டும்தான். அந்தக் கடைக்காரர் பேரு சொன்ன பிரைவேட் எஃப்எம் எதுவும் அதுல கிடையாது, எவ்வளவு காசு கொடுத்தாலும் வராது. பெரியப்பா ரெண்டு மூணு மாசம் "சூரியன் எந்த நம்பர்ல வருதும்மா"ன்னு பெரியம்மாவ தேடச் சொல்லிட்டே இருந்திருக்காரு, எனக்கு அத கேட்டப்பதான் வயிறு எரிஞ்சுது.

இதுக்கு மேல ஒண்ணு பண்ணியிருக்காங்க பாருங்க. வருஷம் முடியுற சமயத்துல "டிஷ் சர்வீஸ்"னு ஒரு பையன் வந்து பாக்ஸ நோண்டிட்டு போயிருக்கான், அவன் போனதுல இருந்து ரேடியோ லிஸ்ட் காலி. ஃபோன் பண்ணி கேட்டா "பேக் முடிஞ்சிடுச்சுங்க ஐயா, 800 கட்டுனா திரும்ப போட்டு விடுறோம்"னு பதில். அதுக்கப்புறம்தான் எனக்கு தகவல் வந்துச்சு. நான் போய் மெனுல சேனல் சர்ச் கொடுத்தேன், டிவி சேனல் ஏற ஏற ரேடியோவும் கூடவே ஏறிடுச்சு. பையன் லிஸ்ட்ட அழிச்சிட்டு போயிருக்கான், வேற ஒண்ணுமில்ல. உங்க வீட்லயும் ரேடியோ திடீர்னு காணாம போனா யாருக்கும் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இத பண்ணிப் பாருங்க.

அடுத்தது சவுண்டு. பெரியப்பாவுக்கு ராகம் சேனல்னா உயிரு, 2016 ஜனவரி 26ல ஆகாசவாணி ஆரம்பிச்ச கிளாசிக்கல் மியூசிக் சேனல் அது, ஃப்ரீ டிஷ்லயே வருது. "வயலின் நல்லா கேக்குது, மிருதங்கம் மட்டும் பக்கத்து வீட்ல வாசிக்கற மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. பின்னாடி திருப்பிப் பாத்தா பாக்ஸ்ல இருந்து வெள்ளை ஒயர் மட்டும்தான் போட்டிருக்கு, சிவப்பு ஒயர காணோம். வெள்ளை இடதுபக்க சத்தம், சிவப்பு வலதுபக்க சத்தம், ரெண்டும் போட்டாதான் ஸ்டீரியோ முழுசா வரும். நாப்பது அம்பது ரூபா ஒயர மிச்சம் புடிச்சிருக்காங்க. ஸ்பீக்கரும் சாதாரண ஒத்த ஸ்பீக்கர்தான், டிஜிட்டல் ரேடியோவுக்குன்னு தனி ஸ்பீக்கர்லாம் எங்கயும் கிடையாது. ரெண்டு ஒயரும் போட்டு வீட்ல கிடந்த பழைய ஸ்டீரியோ செட்ல கனெக்ட் பண்ணதும் மனுஷன் முகமே மாறிடுச்சு. அதுக்காக சிடி மாதிரின்னு நம்பிடாதீங்க, சாட்டிலைட்ல அனுப்பறப்ப சவுண்ட கம்ப்ரெஸ் பண்ணித்தான் அனுப்புவாங்க. பேச்சுக்கும் செய்திக்கும் அது தெரியாது, ஜால்ரா, தம்புரா மாதிரி சத்தத்துல கவனிச்சு கேட்டா தெரியும். பாக்ஸோ ஸ்பீக்கரோ மாத்துனா போன சவுண்டு திரும்பி வராது, அப்படி சொல்லி விக்க வந்தா நம்பாதீங்க.

மழைய பத்தியும் சொல்லணும், ஏன்னா இத யாருமே சொல்லி விக்கிறதில்ல. வால்பாறைல ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் அடிக்கும், தமிழ்நாட்டுலயே அதிக மழை பெய்யுற இடம்னு சொல்ற சின்னக்கல்லாறு அங்கதான் இருக்கு. டிஷ்ஷுக்கு வர்ற சாட்டிலைட் சிக்னல் கேயு பேண்ட்ங்கிற அலைவரிசைல வருது, பலத்த மழையில அது குறைஞ்சு போயிடும். பழைய ரேடியோன்னா இரைச்சலோட இரைச்சலா ஏதாவது கேட்டுட்டே இருக்கும், இது டிஜிட்டல், ஒரு அளவுக்கு கீழ போனா சுத்தமா நின்னுடும். இவங்க மாட்டுனது சின்ன டிஷ், அதையும் ஒழுங்கா திருப்பி வைக்கல, மழையே இல்லாத நாள்லயே சிக்னல் குவாலிட்டி பாதிக்குக் கீழ நின்னுச்சு. அப்படி இருந்தா லேசான மழைக்கே போயிடும். மழை ஊர்க்காரங்க பெரிய டிஷ்ஷா கேட்டு வாங்குங்க, ஆளு ஏணிய விட்டு இறங்கறதுக்கு முன்னாடி மெனுல குவாலிட்டி எவ்ளோன்னு பாத்துடுங்க.

நெட் நல்லா கிடைக்கிற வீடுன்னா நியூஸ் ஆன் ஏர் ஆப் இலவசம், 200க்கு மேல ஆகாசவாணி ஸ்டேஷன் லைவ்ல வருது, பாக்ஸ்ல வராத உள்ளூர் ஸ்டேஷனும் நிறைய அதுல கிடைக்கும். பெரியப்பா வீட்ல டவர் வர்றதும் போறதுமா இருக்கறதால அவருக்கு டிஷ்தான் கதி.

கடைக்காரர்கிட்ட நேர்ல போய் கேட்டேன். முதல்ல "அது சர்வீஸ் சார்ஜ்"னாரு, அப்ப ரேடியோ பேக்னு ஏன் சொன்னீங்கன்னு கேட்டதுக்கு "பையன் மாத்தி சொல்லிட்டான்"னாரு. காச இன்னும் தரல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணியிருக்கேன், துண்டுச் சீட்டையும் கடைக்காரங்க ஃபோன்ல பேசுன ரெக்கார்டிங்கையும் வச்சிருக்கேன். உங்க ஊர்ல இப்படி யாராவது வந்தா, வாங்குற காசு எதுக்குன்னு தனித்தனியா எழுதி கடை சீல் வச்ச பில்லு கேளுங்க. எங்க தெருவுலயே இன்னொரு வீட்ல அதே ஆளு வந்து ரேடியோ பேக் பத்தி பேசியிருக்காரு, அவங்க பில்லு கேட்டதும் அப்புறம் வரேன்னு போனவரு திரும்பி வரவே இல்லையாம்.