பிரகடனமா, பழக்கமா?

வெவ்வேறு பண்பாட்டினர் பொதுவான மனித விழுமியங்களைக் கண்டறிய இரு வழிகள் உள்ளன: பொது ஆவணம் ஒன்றில் உடன்படுவது, ஒருவர் மொழியை மற்றவர் கற்று நெருங்கிப் பழகுவது. முதல் வழிக்குச் சிறந்த சான்று, 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் 48 நாடுகளின் ஆதரவோடு, எதிர்ப்பு வாக்கே இன்றி (8 நாடுகள் நடுநிலை வகித்தன) ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனம். அதன் முதல் விதியில், ஆண்களை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை ‘மனிதர் அனைவரும்’ என மாற்ற வலியுறுத்தியவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஆவணத்தின் வலிமையே இத்தகைய சொல்லாய்வில்தான் இருக்கிறது.

ஆயினும், அரசிடம் உரிமை கேட்கத் துணைநிற்கும் அந்த 30 விதிகள், வேற்று மொழி பேசும் அண்டைவீட்டாரின் துக்கத்தில் எப்போது பேசுவது, எப்போது மௌனம் காப்பது என்பதைக் கற்பிப்பதில்லை. அது பழக்கத்தால் மட்டுமே, அதுவும் மெதுவாகவே வரும். அதிகாரத்தின் முன் நிற்பவருக்கு ஆவணமே தேவை. அன்றாட வாழ்வுக்கு நான் பழக்கத்தையே தேர்வேன்.