ஆதித்யா எல்1 பாதையை எந்த மென்பொருளில் பார்ப்பது?

2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்1, 2024 ஜனவரி 6-ல் எல்1 புள்ளியைச் சுற்றத் தொடங்கியது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி இருக்கும் இடம் அது. ஒரு சுற்றுக்குச் சுமார் 178 நாள். அங்கே கோளும் இல்லை, கல்லும் இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தை ஒரு கலம் எப்படிச் சுற்றும்? இதைக் கரும்பலகையில் விளக்குவதைவிடக் கணினியில் காட்டுவது நல்லது. ஆனால் அதற்கு இரண்டு வேலை சரியாக நடக்க வேண்டும். ஈர்ப்பைச் சரியாகக் கணக்கிட வேண்டும். கிடைத்த பாதையைச் சரியான குறிப்பாயத்தில், அதாவது எதை நிலையாக வைத்து இயக்கத்தைப் பார்க்கிறோம் என்ற அமைப்பில், வரைய வேண்டும். ஒன்றை நன்றாகச் செய்யும் மென்பொருள் பல நேரம் மற்றதில் கோட்டை விடுகிறது.

கணக்கு இதுதான். பூமியே இல்லையென்றால், சூரியனுக்கு 15 லட்சம் கி.மீ. நெருக்கமாக வட்டமிடும் கலம் சுமார் 360 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். அந்த இடத்தில் பூமியின் இழுவை சூரியனின் இழுவையில் ஏறக்குறைய 34-ல் ஒரு பங்குதான். ஆனால் அது எதிர்ப்பக்கம் இழுப்பதால் கலம் கொஞ்சம் மெதுவாகி, பூமியோடு சேர்ந்தே ஆண்டுக்கு ஒரு சுற்று வருகிறது. அந்தச் சின்னப் பங்கை விட்டுவிட்டால் எல்1 என்ற புள்ளியே கிடையாது.

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் அதைத்தான் விட்டுவிடுகிறது. அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளோ சூரியனோதான் கலத்தை இழுக்கும். ஒவ்வொரு கோளுக்கும் ஓர் ஈர்ப்பு எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியதும் அந்தக் கோளின் இழுவை பூஜ்யம். விளையாட்டின் கற்பனைக் கோளான கெர்பினுக்குப் பதில் நிஜ பூமியைக் கொண்டுவரும் மோடை (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரலை) போட்டாலும் கதை மாறாது. இந்த முறைப்படி பூமியின் எல்லை சுமார் 9.25 லட்சம் கி.மீ.; எல்1 அதற்கு வெளியே. அங்கே வட்டப்பாதையில் விட்ட கலம் ஒரே வருடத்தில் பூமியைவிடச் சுமார் 1.4 கோடி கி.மீ. முன்னே போயிருக்கும்.

இருந்தும் குறிப்பாயம் என்றால் என்ன என்பதை உணர வைக்க இந்த விளையாட்டும் ஒரு நல்ல வழி என்பேன். ராக்கெட்டை ஏவுதளத்தில் நிறுத்திவிட்டு, திசைகாட்டும் உருண்டைக்கு மேலே இருக்கும் வேக எண்ணைப் பாருங்கள். தரையை வைத்து அளந்தால் வேகம் 0. அதே எண்ணைச் சொடுக்கி ‘சுற்றுப்பாதை’க்கு மாற்றினால் நொடிக்குச் சுமார் 175 மீட்டர். ராக்கெட் அசையவே இல்லை. 600 கி.மீ. ஆரமுள்ள கெர்பின் தன்னைத்தானே சுற்றும் வேகம்தான் அது. நிஜ பூமியின் நடுக்கோட்டில் இதுவே சுமார் 465 மீட்டர். ஏவுதளத்தை ஏன் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அமைக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த விளையாட்டின் ஈர்ப்புக் குறையைத் தீர்க்க வந்தது பிரின்சிப்பியா என்ற மோட். எல்லாக் கோள்களும் எல்லா நேரமும் இழுக்கும். அசல் விளையாட்டில் அமைதியாகச் சுற்றும், ஜூல் என்ற கற்பனைக் கோளின் துணைக்கோள்கள் இந்தக் கணக்கில் நிலைக்காது என்பதால், அவற்றின் பாதைகளையே இது திருத்தி வைக்கிறது. இதன் அசல் பலம் பாதையை வரையும் குறிப்பாயத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது. சூரியனை மையமாக வைத்தால் எல்1 கலத்தின் பாதை சாதாரண நீள்வட்டம் போலத்தான் தெரியும். சூரியனும் பூமியும் நிலையாக நிற்கும்படி சுழலும் குறிப்பாயத்துக்கு மாற்றுங்கள்: வெற்றிடத்தைச் சுற்றும் வளையம் உடனே தெரிகிறது. கலத்தின் இயக்கத்தில் எதுவும் மாறவில்லை, கோடு மட்டும்தான் மாறியது. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புதியவர்கள் நேராக இதில் இறங்க வேண்டாம்.

ஆர்பிட்டர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் 2000-ல் வெளியிட்ட, விண்கலம் ஓட்டிப் பார்க்கும் இலவச மென்பொருள். 2021-ல் மூலநிரலையும் திறந்துவிட்டார். ஈர்ப்புக் கணக்கில் நம்பகமானது. சுற்றுப்பாதைத் திரையின் ஓரத்தில் ஜி என்று ஓர் எண் இருக்கும்: தேர்ந்தெடுத்த கோளின் இழுவை மொத்த ஈர்ப்பில் எத்தனை பங்கு என்பதை அது சொல்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் பூமிக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். நிலவை நோக்கிப் போகப் போகக் குறையும். ஈர்ப்பை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் எண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எடை, உந்துவிசை எல்லாவற்றையும் கலத்தின்மேல் அம்புக்குறிகளாகவும் வரையலாம். ஆனால் அந்தத் திரை ஒரு கோளை மட்டும் கருதி, அந்த நொடிக்கான நீள்வட்டத்தைத்தான் வரைகிறது. எல்1-ல் அந்தப் படம் உதவாது. கணக்கு சரி, கோடு போதாது.

விண்வெளியைச் சுற்றிப் பார்க்கும் மென்பொருளான செலஸ்டியா இதற்கு நேர் எதிர். அது ஈர்ப்பைக் கணக்கிடுவதே இல்லை. கோள்களின் இடத்தைத் தயார் சூத்திரங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆதித்யாவைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் பாதைத் தரவை நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் குறிப்பாயம் கற்றுக்கொடுக்க இதுதான் என் முதல் தேர்வு. பூமிக்கு அருகே போய் எஃப் விசையை அழுத்தினால் ‘பின்தொடர்’ நிலை. எல் விசையால் நேரத்தை வேகப்படுத்துங்கள். பூமி கண்முன்னே சுழலும், விண்மீன்கள் நிற்கும். இப்போது ஒய் விசை: இந்தியா அசையாமல் நிற்க, விண்மீன்கள் எல்லாம் சுழலும். புவிநிலை செயற்கைக்கோள் ஒன்றில் உட்கார்ந்தால் தெரியும் காட்சி அதுவே. அப்புறம் பூமியைப் பின்தொடர்ந்தபடி சூரியனைத் தேர்ந்தெடுத்து ‘பூட்டு’ நிலைக்குப் போனால் இரண்டுமே திரையில் நின்றுவிடும். எல்1 பொருள்படும் குறிப்பாயம் இதுதான். பள்ளி ஆசிரியர்கள் அவசியம் நிறுவிப் பார்க்க வேண்டும், இலவசம்தான்.

கோள்களை மாற்றிப் பார்த்துச் சோதிக்கும் மென்பொருளான யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸிலும் எல்லாப் பொருளும் ஒன்றையொன்று இழுக்கும். நிலவின் நிறையைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளுக்குச் சரியான இடம். நேரத்தை அதிகம் வேகப்படுத்தினால் துல்லியம் குறைந்துவிடும், எல்1 போன்ற நுணுக்கமான சமநிலைக்கு அது ஒத்துவராது.

பொறியியல் படிப்பவர்கள் நாசாவின் கோடார்டு விண்வெளி மையம் உருவாக்கிய, விண்கலப் பாதைகளைக் கணக்கிடும் மென்பொருளான ஜிமேட்டுக்கே நேராகப் போகலாம். இலவசம், மூலநிரலும் திறந்தது. அழகான நிலப்பரப்பை எதிர்பார்க்காதீர்கள், படிவங்களும் வரைகோடுகளும்தான். ஆனால் குறிப்பாயத்தை நாமே கட்டலாம்: மையம் எல்1, ஓர் அச்சு சூரியன்–பூமி கோட்டில். இரண்டு சாளரங்களைத் திறந்து ஒரே பாதையைச் சூரிய மையத்திலும் சுழலும் குறிப்பாயத்திலும் ஒரே சமயத்தில் வரைய வைக்கலாம். ஈர்ப்புப் பட்டியலில் யார் யார் இழுக்கலாம் என்பதும் நம் கையில். முதலில் சூரியன், பூமி, நிலவு மூன்றையும் வைத்து ஓட்டுங்கள். எல்1 இயல்பிலேயே நிலையற்ற புள்ளி என்பதால் தொடக்க வேகத்தைத் திருத்தித் திருத்தித்தான் வளையம் கிடைக்கும். ஆதித்யாவுக்கும் அவ்வப்போது உந்துவிசை கொடுத்துத்தான் பாதையில் வைத்திருக்கிறார்கள். வளையம் கிடைத்ததும் பட்டியலிலிருந்து பூமியை மட்டும் எடுத்துவிட்டு அதே வேகத்தில் மறுபடி ஓட்டினால், கலம் சூரியன் பக்கம் சரிந்து பூமியை முந்திக்கொண்டு போவது இரண்டு சாளரங்களிலும் தெரியும்.