குருவானவரிடமா, கூட ஜெபிக்கிறவரிடமா?

தருமபுரியில் என் அம்மா வீட்டார் கத்தோலிக்கர்கள். புகுந்த வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. பாவ அறிக்கையை இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன்.

கத்தோலிக்கர்கள் குருவானவரிடம் பாவங்களைச் சொல்வது பாவசங்கீர்த்தனம். அதில் கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று 1215-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. குருவானவர் காக்கும் அந்த ரகசியம் பெரிய பாதுகாப்பு.

பைபிளில் யாக்கோபு 5:16 சொல்வதோ ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதை. ஒருநாள் ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, சீட்டுப் பணத்தில் பொய்க் கணக்குச் சொன்னதை ஒரு அக்காவிடம் சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. அவர் பிடித்த கையை விடவில்லை. அடுத்த வாரம், "பணத்தைத் திருப்பிக் கொடுத்தியா கண்ணு?" என்றார். என்னை மாற்றியது அந்தக் கேள்விதான். ஆனால் வாய் காக்கத் தெரிந்தவரா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெரு சின்னது.