கொழுப்புக் கட்டியில் சந்தேகமா: ஊசி பயாப்சியா, கீறி எடுக்கும் பயாப்சியா?

தோலுக்கடியில் உருளும் சின்னக் கொழுப்புக் கட்டிக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. அது லைப்போமா என்ற தீங்கற்ற கட்டியாகத்தான் இருக்கும். 5 செ.மீ.க்கு மேல் இருக்கிறது, தசைக்குள் ஆழமாக இருக்கிறது, வளர்ந்துகொண்டே போகிறது என்றால் லைப்போசார்கோமா என்ற கொழுப்புத் திசுப் புற்றுநோயை நினைக்க வேண்டும். அப்போதும் முதலில் எம்ஆர்ஐ, அப்புறம்தான் பயாப்சி.

தடித்த ஊசியால் துணுக்கு எடுக்கும் கோர் பயாப்சிக்குப் பொதுவாக அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். குறை ஒன்று உண்டு: ஒரே கட்டியில் ஒரு பகுதி சாதுவாகவும் இன்னொன்று மூர்க்கமாகவும் இருக்கலாம். ஊசி சாதுவான இடத்தைத் தொட்டால் முடிவு ஏமாற்றிவிடும். அதனால் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, கொழுப்பாகத் தெரியாத பகுதியில் குத்துவார்கள். துணுக்கு சிறியதானாலும், எம்டிஎம்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் (ஒளிரும் சாயத்தால் மரபணுவை அடையாளம் காட்டும்) சோதனை செய்ய முடியும். நுண்ணோக்கியில் லைப்போமா போலவே நடிக்கும் கட்டியைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது இதுதான். லைப்போசார்கோமாவில் கூழ் போன்ற திசு கொண்ட மிக்சாய்டு வகைக்கு டிடிஐடி3 மரபணுவைப் பார்ப்பார்கள்.

கீறி எடுத்தால் திசு தாராளமாகக் கிடைக்கும், சரி. ஆனால் ரத்தக்கசிவும் தொற்றும் வரும் வாய்ப்பு கூடுதல்; கீறல் தவறான இடத்தில் விழுந்தால் பிறகு அகற்ற வேண்டிய பகுதியும் பெரிதாகும். என் ஓட்டு ஊசிக்கே. அதில் விடை கிடைக்காதபோது மட்டும் கத்தி, அதுவும் பின்னால் முழுக் கட்டியையும் அகற்றப்போகும் மருத்துவரின் கையால்.